தொப்பம்பட்டி டு டெல்லி: திங்கட்கிழமை அப்பத்தாவுக்கு!

பழனியிலிருந்து தாராபுரம் போகிற சாலையில் இருக்கிறது தொப்பம்பட்டி. அங்கே ஒரு வீட்டில் பிப்ரவரி கடைசியிலேயே மே மாத லீவைப் பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது. எட்டாம் வகுப்பு படிக்கும் மகள்தான் ஆரம்பித்து வைத்தாள்.

"இந்த வாட்டி கொடைக்கானல் வேண்டாம்ப்பா. டெல்லி போலாம்."

அப்பா டாடா ஏஸ் வைத்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிப்பவர். பத்து நாள் வண்டி நின்றால் பத்து நாள் வருமானமும் நிற்கும். "நம்மூரு வெயிலு பத்தாதுன்னு அங்க வேற போய் வேகணுமா?" என்றார். ஆனால், மறுநாள் ராத்திரி அவரே செல்போனில் டெல்லி படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்ததை அம்மா கவனித்துவிட்டார். அப்புறமென்ன, முடிவாகிவிட்டது.

முதலில் போட்ட கணக்கு நான்கு பேருக்கு. அப்பா, அம்மா, மகள், நான்காம் வகுப்பு படிக்கும் மகன். வீட்டில் இரண்டு மாடுகள். அவற்றை அப்பத்தா பார்த்துக்கொள்வார். இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஊட்டிக்குப் போனபோதும் கன்னியாகுமரிக்குப் போனபோதும் இப்படித்தான். அப்பத்தாவுக்கு 68 வயது, கொஞ்சம் சுகர் உண்டு, வெயில் ஆகாது என்று சொல்வதற்குக் காரணங்களும் கைவசம் இருந்தன.

இந்த முறை அப்பத்தா வாயைத் திறந்தார். "டெல்லியில நம்ம முருகன் கோயில் ஒண்ணு இருக்குதாமே. பழனி மலைக்கு நான் இன்னமும் படியேறித்தான் போறேன். ரயில்ல படுத்துக்கிட்டுப் போற ஊருக்கு எனக்கு என்ன கேடு?"

பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. அதுவரை 'எதையெல்லாம் பார்ப்பது' என்று ஓடிய பேச்சு, 'அப்பத்தாவை வைத்துக்கொண்டு எப்படிப் பார்ப்பது' என்று திரும்பியது. சொல்லப்போனால், கோடையில் டெல்லி போக நினைக்கும் எந்தக் குடும்பமும் இந்தக் கேள்வியில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

டெல்லி வெயில் திண்டுக்கல் பக்கத்து வெயில் மாதிரி கிடையாது. மே மாதத்தில் 40 டிகிரி செல்சியஸ் அங்கே சாதாரணம். 44, 45 தொடும் நாட்களும் உண்டு. வியர்வை வெளியே தெரிவதற்குள் காய்ந்துவிடும் வறண்ட வெப்பம். 'லூ' என்று அங்கே பெயர் சொல்லும் அனல்காற்று பிற்பகலில் முகத்தில் அறையும். 2024 மே 29-ம் தேதி டெல்லியின் முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி பதிவானதாக நாடே பேசியது. பிறகு, அந்தக் கருவி மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டியது என்று வானிலைத் துறை விளக்கம் கொடுத்தது. மூன்றைக் கழித்தாலும் கிட்டத்தட்ட 50!

1911-ல் கொல்கத்தாவிலிருந்து தலைநகரை டெல்லிக்கு மாற்றுவதாக அறிவித்த பிரிட்டிஷ்காரர்கள், 1931-ல் புது டெல்லியைத் திறந்துவைத்தார்கள். அவ்வளவு பெரிய மாளிகைகளைக் கட்டிவிட்டு, கோடை வந்ததும் அரசாங்கத்தையே மூட்டை கட்டிக்கொண்டு சிம்லாவுக்கு ஏறிவிடுவார்கள் என்பது தனிக் கதை. நமக்கோ பள்ளிக்கூடம் லீவு விடுவதே அந்த மாதத்தில்தான்.

அதனால் இந்த வீட்டில் முதலில் தேதியைத்தான் பிடித்தார்கள். மே கடைசி வேண்டாம், மே முதல் வாரம். வெயில் அப்போதும் இருக்கும். ஆனால், மாதக் கடைசிக்கும் ஜூன் முதல் பாதிக்கும் அது எவ்வளவோ பரவாயில்லை.

அடுத்தது ரயில். கன்னியாகுமரியிலிருந்து ஹஸ்ரத் நிஜாமுதீன் போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் வாரத்தில் இரண்டு நாள் திண்டுக்கல் வழியாகப் போகிறது. இல்லையென்றால் பழனியிலேயே ராத்திரி ரயில் ஏறி சென்னைக்குப் போய், மறுநாள் இரவு சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடிக்கலாம். ஆனால், மூட்டை முடிச்சுகளோடு சென்னையில் ஒரு முழுப் பகலைக் கழிக்க வேண்டும். அப்பத்தாவுக்காகத் திண்டுக்கல்லையே தேர்வு செய்தார்கள். இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கன்னியாகுமரியில் சாயங்காலம் கிளம்பும் ரயில் திண்டுக்கல் வருவதற்குள் நள்ளிரவு நெருங்கிவிடும். கிளம்பும் தேதி ஒன்று, ஏறும் தேதி இன்னொன்று என்று ஆகிவிடலாம். டிக்கெட்டில் இதைச் சரியாகப் பார்க்காமல் ஒருநாள் தள்ளி ஸ்டேஷனுக்குப் போய் நிற்பவர்கள் உண்டு.

"ஸ்லீப்பர் போதும்" என்றார் அப்பா. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சொன்னதுதான் சரி. கிட்டத்தட்ட இரண்டு நாள் பயணம், நடுவில் நாக்பூரும் போபாலும் வரும். மே மாதப் பகலில் அந்தப் பக்கத்தை ஸ்லீப்பர் பெட்டியில் கடப்பது, டெல்லியைப் பார்க்கும் முன்பே ஆளைப் படுக்கப்போட்டுவிடும். மூன்றடுக்கு ஏசிக்குக் கொடுக்கும் பணத்தை ஷாப்பிங்கில் குறைத்துக்கொள்ளலாம். தங்குமிடத்திலும் அதே கணக்குதான்: கரோல் பாக் பக்கம் மெட்ரோவுக்கு நடந்து போகும் தூரத்தில், சாதாரண அறையாக இருந்தாலும் ஏசி ஓடுகிற அறை.

லோயர் பெர்த் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆனால், லோயர் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது. ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45 வயது. தனியாகவோ, அந்த வயதுத் தகுதியுள்ள இரண்டு பேராகவோ தனி டிக்கெட் போட்டால்தான் அந்த ஒதுக்கீடு. குடும்பத்தோடு ஒரே டிக்கெட்டில் சேர்த்துவிட்டால் கிடைக்காது. அம்மாவுக்கு வயது 38. அப்பத்தாவுக்கு ஜோடி யார்?

"அம்மாயி!" என்று கத்தினான் பையன்.

அம்மாவின் அம்மா, 62 வயது. சம்பந்திகள் இருவரும் கல்யாணத்தில் சீர்வரிசைப் பேச்சின்போது முறைத்துக்கொண்டதிலிருந்து அளவாகத்தான் பேசிக்கொள்வார்கள். போனில் கேட்டதும் அம்மாயி யோசிக்கவே இல்லை. "சம்பந்தி வர்றாங்கன்னா நானும் வர்றேன்" என்றுவிட்டார். நான்கு பேர் ஒரு டிக்கெட், இரண்டு பேர் ஒரு டிக்கெட். ஆறு பேரானது இப்படித்தான்.

டெல்லியில் ஐந்து நாள். மகள் ஒரு பழைய நோட்டில் எழுத ஆரம்பித்தாள். நாளை மூன்றாகப் பிரித்துக்கொண்டாள். மே மாதத்தில் அங்கே காலை ஐந்தரைக்கெல்லாம் விடிந்துவிடும். அதனால் வெட்டவெளி இடங்கள் எல்லாம் காலை பத்து மணிக்குள். குதுப்மினார், சுமார் 73 மீட்டர். உள்ளே ஏற அனுமதி இல்லை. 1981-ல் நடந்த நெரிசல் விபத்துக்குப் பிறகு மூடிவிட்டார்கள். அதே வளாகத்தில் ஆயிரத்து அறுநூறு வருடமாகப் பெரிதாகத் துருப்பிடிக்காமல் நிற்கும் இரும்புத் தூண். ஹுமாயூன் கல்லறையும் காலைக் கணக்கிலேயே. தொல்லியல் துறையின் இந்த இடங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை என்பது அப்பாவுக்குப் பிடித்த தகவல்.

பதினொன்றிலிருந்து நான்கு மணி வரை கூரைக்கு அடியில்தான் இருக்க வேண்டும். தேசிய அருங்காட்சியகத்தில் மொகஞ்சதாரோ நடன மங்கை இருக்கிறாள். பாடப்புத்தகப் படத்தைப் பார்த்துவிட்டு ஆளுயரச் சிலையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் அசந்துபோவார்கள், உயரம் வெறும் 10.5 சென்டிமீட்டர். பையனுக்கு சாணக்யபுரியில் ரயில் அருங்காட்சியகம். தீன் மூர்த்தியில் 2022-ல் திறந்த பிரதமர்கள் அருங்காட்சியகம். இடையில் மெட்ரோ இருக்கிறது. அதன் ஏசிப் பெட்டியில் உட்கார்ந்திருப்பதே அந்த நேரத்துக்குப் பாதி சுற்றுலா.

சாயங்காலத்துக்கு இந்தியா கேட். 42 மீட்டர் உயர வளைவு, அதில் பொறித்த 13,000-க்கும் அதிகமான வீரர்களின் பெயர்கள், பக்கத்தில் 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவுச்சின்னம்.

எல்லாம் அழகாக நிரம்பியது, திங்கட்கிழமை வரை. செங்கோட்டை திங்கள் விடுமுறை. தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம், ரயில் அருங்காட்சியகம், காந்தி கடைசியாக வாழ்ந்து சுடப்பட்ட காந்தி ஸ்மிருதி என்று பட்டியலில் பாதி திங்களன்று மூடியிருக்கும். தாஜ்மஹாலுக்கு வெள்ளி விடுமுறை. ஆக்ராவை அதனால் வேறு நாளுக்கு மாற்றியாகிவிட்டது. இந்த நாளை என்ன செய்வது?

"கோயில் திங்கக்கிழமை பூட்டுவாங்களா?" என்றார் அப்பத்தா.

பூட்ட மாட்டார்கள். ஆர்.கே.புரத்தில், சின்னக் குன்றின்மேல் இருக்கிறது உத்தர சுவாமிமலை. டெல்லிக்காரர்களுக்கு 'மலை மந்திர்'. டெல்லித் தமிழர்கள் சேர்ந்து எழுப்பி, 1973-ல் குடமுழுக்கு கண்ட கோயில். சுவாமிநாத சுவாமி சந்நிதியோடு மீனாட்சி, சுந்தரேஸ்வரர் சந்நிதிகளும் உண்டு. காலையிலேயே போய்விட வேண்டும். செருப்பில்லாத காலுக்கு மதியக் கல் தாங்காது.

அப்பா தயங்கித் தயங்கித் தன் ஆசையைச் சொன்னார். அசாத்பூர் மண்டி. நாட்டின் மிகப் பெரிய காய்கறி, பழ மொத்தச் சந்தைகளில் ஒன்று. "ஒட்டன்சத்திரத்தையே இருபது வருசமாப் பாக்கறேன். அது எப்படி இருக்கும்னு ஒருதரம் பாக்கணும்." எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் இல்லாத இடம். மெட்ரோ மஞ்சள் பாதையில் நிலையமே இருக்கிறது. விடிகாலையில் அவர் மட்டும் அங்கே போய்வருவார், மற்றவர்கள் கோயிலுக்கு. நோட்டில் திங்கட்கிழமைக்கு நேராக 'அப்பத்தா, அப்பா' என்று எழுதிக் கட்டம் போட்டாள் மகள்.

முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. 2024 நவம்பர் வரை அது 120 நாளாக இருந்தது. மார்ச் முதல் வாரத்தில் ஒரு காலை எட்டு மணிக்கு, சிக்னல் நன்றாக வரும் மொட்டை மாடியில் எல்லோரும் கூடிவிட்டார்கள். பெயர், வயது எல்லாம் முன்னாடியே பதிந்து வைத்திருந்தார்கள். சம்பந்திகள் டிக்கெட்தான் முதலில். இரண்டுமே லோயர். அதன்பிறகு மற்ற நான்கும் கிடைத்தன.

மாடுகளைச் சித்தப்பா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். எல்லோரும் கீழே இறங்கி வந்ததும் அப்பத்தா மகனைக் கூப்பிட்டார்.

"செவலை புது ஆளுக்குப் பால் விடாது. உன் தம்பியை இன்னைக்கு சாயங்காலமே வரச் சொல்லு, தினமும் வந்து பழகட்டும். அறுபது நாள் இருக்குதுல்ல?"