மூலப் பிரதியைப் பேணுவோம்



எமது பாடசாலையின் உயர்வகுப்பு மாணவர்கள் இவ்வாண்டு விழாவுக்கென இரண்டு நிமிடக் கணினி அசைபடம் ஒன்றை உருவாக்கியுள்ளனர். பனங்கூடலின் பின்னே பொழுது சாய, ஆச்சி ஒருத்தி பனம்பழம் பொறுக்குவதே அதன் காட்சி. தாயகத்தில் கணித ஆசிரியராக இருந்து, அகதியாக இங்கு வந்து, சனிக்கிழமைகளில் தமிழ் கற்பிக்கும் எமக்கு, அசைபடக் கலையில் மாணவர்களே ஆசிரியர்கள். ஆயினும் படங்களை எந்தக் கோப்பு வடிவத்தில் சேமிப்பது என்ற வினா எழுந்தபோது, அது கணக்கோடும் தமிழோடும் தொடர்புடைய வினா என்பதை உணர்ந்தோம்.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். ஒரு விநாடிக்கு 24 படங்கள் வீதம் இரண்டு நிமிடங்களுக்கு 2,880 படங்கள் வேண்டும். ஒரு படத்தைத் தீட்டி முடிக்க எமது கணினிக்கு மூன்று நிமிடங்கள் சென்றன. ஆகவே மொத்தம் 144 மணித்தியாலங்கள். அதாவது முழுதாக ஆறு நாட்கள்!

"நேரடியாக வீடியோவாகவே சேமித்தால் வேலை சுலபம் அல்லவா?" என்றான் ஒரு மாணவன். அவ்வாறு சேமிக்கையில் இடைநடுவே கணினி நின்றுவிட்டால், முற்றுப்பெறாத அக்கோப்பு திறக்க முடியாததாகிவிடக்கூடும். தனித்தனிப் படங்களாகச் சேமித்தாலோ முடிந்தவை முடிந்தவையே. மூன்றாம் நாள் இரவு மின்சாரம் தடைப்பட்டது. 1,312 படங்கள் பத்திரமாக இருந்தன. 1,313ஆவது படத்திலிருந்து வேலை தொடர்ந்தது. கோப்புகளுக்கு 0001, 0002 என நான்கு இலக்கங்களில் பெயரிட்டதும் காரணத்தோடுதான். வெறுமனே 1, 2 என்று பெயரிட்டால், எழுத்து வரிசைப்படி அடுக்கும் மென்பொருள்கள் 10ஐ 2க்கு முன்னே வைத்துவிடும். ஏட்டுச் சுவடிகளுக்கு நம் முன்னோர் இலக்கமிட்டதும் வரிசை குலையாதிருக்கவே.

அடுத்து வடிவம். 1992இல் நியமமாக வெளிவந்த ஜேபெக், படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதிற் புலப்படாத நுணுக்கங்களைக் கைவிடுகின்றது. கோப்பு மிகச் சிறிதாகும். ஆயின் கைவிட்டது மீளாது. மேலும், அதிலே ஒளிபுகு தன்மையைப் பதியும் வசதி இல்லை. ஆச்சியைத் தனியாகவும் பனங்கூடலைத் தனியாகவும் தீட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக வைக்க அவ்வசதி தேவை. 1996இல் வந்த பிஎன்ஜி அதனைத் தருவதோடு, எதையும் இழக்காமலே கோப்பைச் சுருக்குகின்றது.

1999இல் ஹொலிவூட்டின் இண்டஸ்ட்ரியல் லைட் அன்ட் மேஜிக் நிறுவனம் உருவாக்கி, 2003இல் யாவர்க்கும் திறந்துவிட்ட ஓப்பன் இஎக்ஸ்ஆர் என்னும் வடிவமும் உண்டு. சாதாரணப் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளே உள்ளன. அந்திவானத்தின் நிறத்தைப் பின்னர் திருத்தப் புகுந்தால், அது பட்டை பட்டையாகப் பிளவுபட்டுத் தோன்றக்கூடும். ஓப்பன் இஎக்ஸ்ஆர் மிக நுண்ணிய படிநிலைகளையும், வெண்மையையும் விஞ்சிய ஒளியின் அளவையும் காத்து வைக்கின்றது. ஆகவே வானத்தை அதிலும், ஏனையவற்றைப் பிஎன்ஜியிலும் சேமித்தோம். யாவும் ஒன்றுசேர்ந்த பின்னரே மண்டபத்தில் திரையிடுவதற்கான வீடியோவை ஆக்கினோம்.

ஜேபெக் தீயதன்று. பார்ப்பதற்கும் அனுப்புவதற்கும் அது மிக ஏற்றது. மூலமாக வைத்துத் திருத்துவதற்கே ஏலாதது. கோப்பை அப்படியே நகலெடுத்தால் எதுவும் குறையாது. திறந்து, திருத்தி, மீண்டும் மீண்டும் சேமிக்கும்போதுதான் குறைகின்றது. ஏடு பெயர்த்து எழுதியோரின் கையில் நேர்ந்ததும் இதுவே அன்றோ! ஒவ்வொரு படியிலும் சில எழுத்துகள் பிறழ்ந்தன. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும், அதே ஆண்டிற் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரும் பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்க வேண்டியிருந்தது அதனாலேயே.

பெற்றோரே, நாம் கற்பித்த பாடசாலையின் படம் ஒன்றே எம்மிடம் எஞ்சியுள்ளது. அதுவும் பல கைபேசிகளைக் கடந்து வந்த பிரதியின் பிரதி. வாயிலில் நிற்கும் பிள்ளைகளின் முகங்கள் கட்டங்களாகிவிட்டன. பெயர்ப்பலகையின் எழுத்துகள் கரைந்துவிட்டன. எத்துணை பெரிதாக்கினும் அவை திரும்பி வாரா. அக்கட்டடமும் இன்று இல்லை. மூலப்படம் யாரிடம் இருந்தது என்பதைச் சொல்லக்கூடியவரும் இல்லை.

உங்கள் இல்லங்களில் இன்னும் மூலங்கள் உள்ளன. திருமணப் படங்கள், அம்மம்மாவின் அடையாள அட்டைப் படம், ஊரிலிருந்து பயணப் பையில் வந்த மடிந்த ஒளிப்படங்கள் ஆகியவற்றை ஸ்கான் செய்து, பிஎன்ஜி அல்லது டிஃப் வடிவத்திற் சேமியுங்கள். இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். உறவினர்க்கு அனுப்புவது சிறிய பிரதியாக இருக்கட்டும். படத்தில் உள்ளவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதையும் உடன் எழுதி வையுங்கள்.

மாணவச் செல்வங்களே, அவ்விவரங்களைத் தமிழில் எழுதும் பொறுப்பு உங்களுடையது. கேட்டு எழுதுவதற்குப் பெரியோர் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.