உப்புக்காற்றும் ஒரு கிராஃபீன் ஒயரும்

கோவில்பட்டிப் பக்கமிருந்து ரிப்பேருக்கு வரும் ஆம்ப்ளிஃபையரைத் திறந்தால் கரிசல் புழுதி இருக்கும். தூத்துக்குடி வீடுகளிலிருந்து வருவதைத் திறந்தால் பச்சை இருக்கும். திருகுத் தலையில், ஸ்பீக்கர் டெர்மினலில், ஈயம் வைத்த இடத்தின் ஓரத்தில். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். காற்று எங்கிருந்து அடித்தாலும் உப்பைத்தான் கொண்டுவரும். செம்பில் களிம்பு என்பதைச் சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பற்றிக்கொண்டிருக்கும் மலம் என்ற அழுக்குக்கு உவமையாகச் சொல்வார்கள். என் பிழைப்பு இருபத்தெட்டு வருஷமாக அந்தக் களிம்பைத் துடைப்பதில்தான் ஓடுகிறது.

கப்பலில் வேலை பார்க்கும் தங்கை வீட்டுக்காரர் போன வருஷம் லீவுக்கு வந்தபோது சிங்கப்பூரிலிருந்து ஒரு ஜோடி கிராஃபீன் ஸ்பீக்கர் கேபிள் வாங்கி வந்தார். “மச்சான், முதல்ல நீங்க மாட்டிக் கேளுங்க. நல்லா இருந்தா என் வீட்டுல வந்து போட்டுக் குடுங்க” என்றார்.

கிராஃபீன் என்பது கரி. ஓர் அணு கனத்துக்கு மேல் இல்லாத தகடு. பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட்டிலிருந்து ஒட்டு டேப்பை வைத்து உரித்து உரித்தே அதைப் பிரித்தெடுத்தார்கள் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும். அது 2004இல். 2010இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. குறையில்லாத ஒற்றைத் தகடு செம்பைவிட நன்றாக மின்சாரம் கடத்தும். ஆனால் ஒயருக்குள் அப்படித் தகடு கிடையாது. முனையை உரித்துப் பார்த்தேன்: செம்பு இழைகள், அவற்றின் மேல் கறுப்பாக ஒரு பூச்சு. பொடிப்பொடித் துகள்கள். அந்த வழியே போகும் மின்சாரம் துகளுக்குத் துகள் தாவ வேண்டும். பக்கத்திலேயே செம்பு ராஜபாட்டையாகக் கிடக்கும்போது பெரும்பங்கு அதில்தான் போகும்.

இருந்தாலும் எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை. சத்தம் கூடுதோ இல்லையோ, அந்தக் கறுப்புப் பூச்சு உப்பைத் தடுக்குமா? தடுத்தால் இந்த ஊருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

ராத்திரி, தெரு அடங்கிய பிறகு மாட்டினேன். நான் எப்போதும் சோதித்துப் பார்க்கும் பாட்டு ‘கொஞ்சும் சலங்கை’யில் உள்ளது, 1962இல் வந்த படம். எஸ்.ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு போகும். குரல் எங்கே முடிகிறது, குழல் எங்கே தொடங்குகிறது என்று காது தடுமாறும் இடங்களில்தான் ஒரு செட்டின் தரம் தெரியும். அன்று வலது பெட்டி புதிதாகப் பிறந்ததுபோல் இருந்தது. நாதஸ்வரத்தின் ஓரத்தில் இருந்த மெல்லிய கரகரப்பு போயே போய்விட்டது. அப்போதே தங்கை வீட்டுக்குப் போன் போடக் கை போனது.

போடவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு காரியம் செய்திருக்கிறேன் என்பது உறைத்தது. ஒயரை மட்டுமா மாற்றினேன்? டெர்மினலைக் கழற்றி, ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டல்லவா மாட்டினேன்! கிராஃபீனைக் கழற்றினேன். என் பழைய செம்பு ஒயரின் நுனியை அரை அங்குலம் வெட்டியெறிந்து, புது இழையை முறுக்கி மாட்டினேன். அதே தெளிவு.

மறுநாள் அளந்தேன். இவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மல்டிமீட்டர் நம்பும்படியாகக் காட்டாது. ஒயரில் ஒரு ஆம்பியரைச் செலுத்தி, இரண்டு முனைக்கும் நடுவில் எத்தனை மில்லிவோல்ட் விழுகிறது என்று பார்க்க வேண்டும். அதுதான் மில்லிஓம் கணக்கு. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, போக வர 6 மீட்டர்: 41 வந்தது. கிராஃபீன் ஒயர் 39. பிறகு, வெட்டிப்போட்ட அந்தப் பச்சை நுனியைக் குப்பையிலிருந்து எடுத்து ஒரு டெர்மினலில் முறுக்கி அதே ஒரு ஆம்பியரை விட்டேன். 300ஐத் தாண்டியது. விரல் பட்டால் 200, விட்டால் 350. ஆறு மீட்டர் செம்பைவிட அரை அங்குலக் களிம்பு ஏழு மடங்கு! 8 ஓம் பெட்டிக்கு 300 மில்லிஓம் பெரிய இழப்பில்லைதான். ஆனால் நிலையாக நிற்காத தடை பாட்டின் ஏற்ற இறக்கத்தோடு தானும் ஆடும். நான் கேட்டுக்கொண்டிருந்த கரகரப்பு அதுதான்.

காதுக்கும் ஒரு பரீட்சை வைத்தேன். மகள் திரைக்குப் பின்னால் நின்று ஒயரை மாற்றினாள், அல்லது மாற்றியதுபோல் சத்தம் மட்டும் செய்தாள். பன்னிரண்டு தடவை. நான் சரியாகச் சொன்னது ஏழு. பூவா தலையா போட்டாலும் அவ்வளவு வரும்.

இந்தக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். முத்தைத் துளையிட்ட பெட்டிகளில் சலித்து அளவு பிரித்த பிறகே நிறத்தையும் உருட்சியையும் கண்ணால் பார்ப்பார்களாம். அவர்களைப்போல அளப்பதை முதலில் வைத்து மீட்டரை எடுத்திருந்தால் நானும் அந்த ராத்திரி அவ்வளவு பரவசப்பட்டிருக்க மாட்டேன்.

உப்பைத் தடுக்கும் என்ற ஆசையும் நிலைக்கவில்லை. கிராஃபீன் பூசிய செம்பைப் பற்றி 2013இலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்: கொஞ்ச காலம் காக்கும், நாள்பட்டால் வெறும் செம்பைவிட மோசமாக அரிக்கும். பூச்சில் எங்காவது கீறல் இருந்து ஈரம் இறங்கினால் செம்பும் கரியும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடும், கரைவது செம்புதான். தவிர, டெர்மினலில் முறுக்குவதற்காக நாம் உரிப்பதே அந்த நுனியைத்தான். இங்கே உப்பு நுழையும் வாசலும் அதுதான்.

நான் செய்வது பழைய வேலைதான். நுனியைப் புதிதாக வெட்டி, லக் என்ற உலோக முனையைப் போட்டு அழுத்தி, ஸ்லீவைச் சூடாக்கிச் சுருக்கி, முறுக்கிய பிறகு மேலே துளி வாசலின். திருகுக்கு அடியில் வரும் இழைக்கு ஈயம் வைக்கவே மாட்டேன். ஈயம் அழுத்தத்தில் நாளாவட்டத்தில் நசுங்கி, பிடி தளர்ந்துவிடும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை கழற்றித் துடைத்து மாட்டுவேன்.

கிராஃபீன் ஒயரைத் தங்கை வீட்டுக்கு எடுத்துப்போனேன். ஆசையாக வாங்கியது; ஒயரும் மோசமில்லை. மாட்டுவதற்கு முன்னால் அவருடைய பழைய ஒயரிலேயே ஒரு பாட்டைப் போடச் சொன்னேன். பிறகு திருகுகளைக் கழற்றி, டெர்மினலைத் துடைத்து, நுனியை வெட்டி, அதே ஒயரை மாட்டி, அதே பாட்டு.

“ஆகா, கிராஃபீன்னா கிராஃபீன்தான் மச்சான்” என்றார், கண்ணை மூடியபடியே.

பஞ்சை அவர் கையில் வைத்தேன். மயில் கழுத்துப் பச்சை.