விளக்கு சொல்வது பாதி

வங்கிக் கிளையில் காசாளரின் மேசை மேல் ஒரு சின்னப் புற ஊதா விளக்கு இருக்கிறது. சந்தேகத்துக்குரிய ஐந்நூறு ரூபாய் நோட்டை அதனடியில் பிடித்தால், பகல் வெளிச்சத்தில் தெரியாதவை தெரிகின்றன. வரிசை எண்கள் ஒளிர்கின்றன. தாளுக்குள் அங்கங்கே கிடக்கும் மெல்லிய இழைகள் மின்னுகின்றன. தாள் மட்டும் மங்கியே இருக்கிறது. இந்த விளக்கு ஒன்றிருந்தால் கள்ள நோட்டைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை மளிகைக்கடைக் கல்லா வரை பரவியிருக்கிறது. காசாளர்கள் நோட்டுக் கட்டைக் கையாளும் விதத்தைக் கூர்ந்து பார்த்தபின் அந்த நம்பிக்கை எனக்கில்லை. விளக்கால் சந்தேகத்தை எழுப்பவோ வலுப்படுத்தவோ முடியும். தீர்ப்புக்குக் கையும் கண்ணும் வேண்டும்.

காரணம் தாளிலேயே இருக்கிறது. நம் நோட்டுத் தாள் பருத்தியில் செய்யப்படுவது. கடையில் வாங்கும் வெள்ளைத் தாளில் வெண்மையைக் கூட்டும் ரசாயனம் கலந்திருப்பதால், புற ஊதா ஒளி பட்டதும் அது நீலம் பாய்ந்த வெண்மையாகப் பளீரிடும். நோட்டுத் தாளில் அந்த ரசாயனம் கிடையாது. ஆகவே பளீரிடும் நோட்டின் மேல் ஐயம் வருவது நியாயமே. ஆனால் அதே வகை ரசாயனம் துணி துவைக்கும் சோப்புத்தூளிலும் உண்டு. சட்டைப் பையில் மறந்துபோய்த் துணியோடு ஊறிய நல்ல நோட்டும் விளக்கடியில் கள்ளனைப் போலப் பளீரிடலாம். மறுபக்கம், ஒளிரும் மையைத் தேடிப் பிடிக்கும் மோசடிக்காரருக்கு எண்களை ஒளிரச் செய்வது இயலாத காரியமல்ல. ஒரே விளக்கு நல்லதைக் கள்ளம் என்றும் கள்ளத்தை நல்லது என்றும் காட்டக்கூடும்.

அதனால்தான் தேர்ந்த காசாளரின் விரல் விளக்குக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறது. 2016 வரிசையின் ஐந்நூறு ரூபாய் நோட்டில் காந்தி உருவம் மேடேறிய அச்சில் இருக்கிறது. ஓரங்களில் ஐந்து சாய்கோடுகள் விரலுக்குத் தட்டுப்படும். நூறு ரூபாயில் அவை நான்கு. பார்வையற்றோருக்கென அமைத்த இந்த அடையாளங்களே காசாளருக்கும் முதல் சாட்சி. பிறகு நோட்டைச் சாய்த்தால் பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக மாற வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினால் நீர்க்குறி தெரிய வேண்டும். பல சாட்சிகள் ஒத்துப்போகும்போதுதான் முடிவு உறுதியாகிறது.

இயந்திரம் வந்துவிட்ட காலத்தில் விரலின் தேர்ச்சி எதற்கு என்று கேட்கலாம். நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டுகளை இயந்திரத்தில் சோதித்த பிறகே மறுபடி வெளியே விட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009இல் வங்கிகளைப் பணித்தது உண்மை. ஆனால் தரம் பிரிக்கும் இயந்திரமும் புற ஊதாவை மட்டும் நம்புவதில்லை. அகச்சிவப்பு, காந்தப் பண்பு எனப் பலவற்றைச் சேர்த்தே பார்க்கிறது. அது ஒதுக்கிய நோட்டை எடுத்துப் பார்ப்பவரும் ஒரு மனிதரே. வரிசையில் கூட்டம் நிற்கும்போது இத்தனைக்கும் நேரமேது என்பது இன்னும் வலுவான கேள்வி. இந்த நிதானம் எல்லா நோட்டுக்கும் தேவையில்லை. ஐயத்துக்குரிய ஒன்றிரண்டுக்குப் போதும்.

அந்த ஒன்றிரண்டில் பிழை நேர்ந்தால் இழப்பு யாருக்கு? கள்ளம் என்று முடிவானால் நோட்டில் முத்திரை குத்திப் பறிமுதல் செய்வார்கள். கொடுத்தவருக்கு ஒப்புகைச் சீட்டு கிடைக்கும், பணம் கிடைக்காது. ஒரே பரிமாற்றத்தில் ஐந்து அல்லது அதற்கு மேல் அகப்பட்டால் காவல்துறையில் முதல் தகவல் அறிக்கை. நோட்டை நீட்டுபவர் பெரும்பாலும் அதை அச்சடித்தவர் அல்லர். தன் உழைப்புக்குக் கூலியாகவோ சரக்குக்கு விலையாகவோ அதை வாங்கியவர். ஒரு நாள் கூலியையும் ஒருவரின் நேர்மையையும் எடைபோடும் வேலை இது. இதை எண்ணுகிற வேலை என்று ஒதுக்காமல், கற்றுத் தேரவேண்டிய தொழில்திறனாக மதித்து, ஒவ்வொரு காசாளருக்கும் தொடர்ந்து பயிற்சி தர வேண்டும். விளக்கை வாங்கி வைப்பது எளிது. அதன் எல்லையை அறிந்தவரை அதன் முன்னால் உட்காரவைப்பதே வங்கியின் கடமை.