நம்பியார் கணக்கு

1990-களில் எங்கள் தெருவில் அமெரிக்கக் குஸ்திக்காரர்களின் டிரம்ப் கார்டு வைத்திருக்காத பையனே கிடையாது. உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், ரேங்க் என்று ஒரு சீட்டுக்குள் ஓர் ஆளின் ஜாதகமே அடங்கியிருக்கும். அண்டர்டேக்கர் என்ற மல்லருக்கு ஏழு உயிர், அதில் ஆறு போய்விட்டது என்று எவனோ கிளப்பிவிட்டதை நாங்கள் யாரும் சந்தேகப்பட்டதில்லை. பாட்டி மட்டும் டிவியைப் பார்த்துவிட்டு, “அடிக்கிறவனுக்கும் வலிக்கல, வாங்குறவனுக்கும் வலிக்கல, பாக்குற எனக்குத்தாண்டா வலிக்குது” என்பாள்.

அந்த நாட்களில் எங்களுக்கு மிகவும் பிடித்த காட்சியில் குஸ்தியே இருக்காது. கோட்டு சூட்டோடு, தோளை ஆட்டி ஆட்டி ஒருவர் நடந்து வருவார். முதலாளி. “யூ ஆர் ஃபயர்ட்” என்று கத்துவார். மொட்டைத்தலை ஸ்டீவ் ஆஸ்டின் வந்து அவரைப் புரட்டி எடுப்பார். ஒருமுறை பீர் லாரியையே அரங்குக்குள் ஓட்டிவந்து குழாயால் பீய்ச்சியடித்தார். முதலாளி தரையில் நீச்சலடித்தார். வின்ஸ் மக்மான் என்ற அவர் நிஜமாகவே அந்தக் குஸ்தி நிறுவனத்தின் முதலாளி என்று பிறகு தெரிந்தபோது மரியாதை இன்னும் கூடியது. இத்தனை அடி வாங்க ஒத்துக்கொள்கிறார் என்றால் எவ்வளவு நல்ல மனுஷனாக இருக்க வேண்டும்!

இதை நான் நம்பியார் கணக்கு என்பேன். திரையில் எம்.என். நம்பியார் கையைப் பிசைந்தால் பெண்கள் சாபம் விடுவார்கள். வெளியே அவர் மாலை போட்ட ஐயப்ப பக்தர், சபரிமலைக் குருசாமி. இதைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். வில்லனாக நடிப்பவன் வீட்டில் தங்கமானவன் என்பது நமக்குக் கிட்டத்தட்ட ஒரு விதி. அந்த விதியை அளவுகூடப் பார்க்காமல் எடுத்து மக்மானுக்கு மாட்டிவிட்டேன்.

அந்த வில்லன் எப்படிப் பிறந்தான் என்பது பின்னால்தான் தெரிந்தது. 1997 நவம்பர் 9, மான்ட்ரியல். சாம்பியன் பிரெட் ஹார்ட் போட்டி நிறுவனத்துக்குப் போகவிருந்தார். அன்றைய சண்டை எப்படி முடியும் என்று அவரோடு பேசி ஒத்துக்கொண்டிருந்தார்கள். மேடையோரம் நின்ற மக்மானோ, ஹார்ட் தோல்வியை ஒப்புக்கொள்ளாதபோதே மணியை அடிக்கச் சொல்லிவிட்டார். சொந்த நாட்டுக்காரர்களுக்கு முன்னால் ஏமாற்றப்பட்ட ஹார்ட் அவர் முகத்தில் துப்பினார். ஊரே மக்மானைத் திட்டியது. அந்த வசவைத்தான் அவர் அடுத்த ஆண்டு டிக்கெட்டாக விற்றார். நல்லவர் ஒருவர் கெட்ட வேஷம் கட்டவில்லை. செய்த துரோகத்துக்குக் கோட்டு மாட்டி மேடையேற்றினார்.

தொழிலைக் கட்டியெழுப்பிய கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அமெரிக்கக் குஸ்தி ஒருகாலத்தில் பாளையங்களாகப் பிரிந்து கிடந்தது. ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் கடை போடுவதில்லை. 1982-இல் தந்தையின் நிறுவனத்தை வாங்கிய மகன் அந்த எல்லைகளைக் கேபிள் டிவியால் அழித்தார். 1985-இல் முதல் ரெசில்மேனியா. 2001-இல், தன்னைத் திவாலாக்கப் பார்த்த போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வையே விலைக்கு வாங்கினார். கெட்டிக்காரர், சந்தேகமில்லை.

என்னை உறுத்துவது 1989-இல் நடந்த ஒன்று. இது போட்டியல்ல, முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட கேளிக்கை என்று அவர் நிறுவனம் நியூ ஜெர்சி மாநில செனட்டில் ஒப்புக்கொண்டது. குஸ்திக்காரர்கள் தலைமுறைகளாக உயிரைப்போல் காத்த ரகசியம் அது. உண்மை பேசும் ஆசையில் அதை உடைக்கவில்லை. விளையாட்டு என்றால் மாநில ஆணையம் வரும், உரிமம் வரும், மருத்துவப் பரிசோதனை வரும், வரி வரும். நாடகம் என்றால் இதெல்லாம் இல்லை. சரி, நாடகமென்றால் நடிகர்களுக்குச் சங்கம் உண்டே? அதுவும் கிடையாது. மல்லர்கள் ஊழியர்களே அல்ல, ‘சுயேச்சை ஒப்பந்தக்காரர்கள்’. அவரவர் மருத்துவக் காப்பீட்டை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆணையமும் வராத, சங்கமும் வராத இடமாகப் பார்த்து மேடை போட்டார்.

அந்த மேடையில்தான் 1999 மே 23 அன்று, கன்சாஸ் சிட்டியில், பிரெட் ஹார்ட்டின் தம்பி ஓவன் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும்போது விழுந்தார். வயது 34. வர்ணனையாளர் ஜிம் ராஸ், இது நிகழ்ச்சியின் பகுதி அல்ல என்று டிவி பார்த்தவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ஓவன் இறந்த செய்தி அரங்கில் இருந்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை. மிச்சச் சண்டைகள் தொடர்ந்து நடந்தன. மனிதன் செத்துக் கிடக்கும்போதும், இது நிஜம் என்று தனியாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. வேறெந்தத் தொழிலில் இப்படி?

2001-இல் மேடை நடுவே பெண் மல்லர் ட்ரிஷ் ஸ்ட்ராட்டஸை மண்டியிட வைத்து நாய்போல் குரைக்கச் சொன்னார் மக்மான். கதைப்படி அவர் கெட்ட முதலாளி, அவ்வளவுதானே. வீட்டில் சேனலை மாற்றினார்கள். அறைக்குள் ஆள் இல்லாத நேரத்தில் நான் திருப்பி வைத்தேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், அன்று எனக்கு அது உறைக்கவில்லை. நம்பியார் கணக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

2022 ஜூனில், முன்னாள் பெண் ஊழியர் ஒருவருக்கு வாய்ப்பூட்டாகப் பணம் கொடுத்தது பற்றி இயக்குநர் குழு விசாரிப்பதாக வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. இரண்டே நாளில், ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மக்மான் பழைய இசையோடு பழைய நடை நடந்து மேடைக்கு வந்தார். நிறுவனத்தின் முழக்கத்தைச் சொன்னார், மைக்கை வீசினார், போனார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்தக் காணொளியைப் பார்த்தபோதுதான் எனக்கு முதுகு சில்லிட்டது. விசாரிக்கப்படும் ஒரு மனிதர் தன் கதாபாத்திரத்துக்குள் புகுந்துகொள்கிறார். கூட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது.

நான்கு பெண்களுக்கு 16 ஆண்டுகளில் 1 கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கப்பட்டதாக ஜூலையில் செய்தி வந்தது. அந்த மாதமே ஓய்வு அறிவித்தார். 2023 ஜனவரியில் பங்குகளின் பலத்தால் திரும்பி வந்தார். 2024 ஜனவரியில் முன்னாள் ஊழியர் ஒருவர் பாலியல் வன்கொடுமை, ஆள் கடத்தல் குற்றச்சாட்டுகளோடு வழக்குத் தொடுத்த மறுநாள் பதவி விலகினார். எல்லாவற்றையும் அவர் மறுக்கிறார். இரண்டு ரகசிய ஒப்பந்தங்களை மறைத்ததற்காகப் பங்குச் சந்தை ஆணையம் 2025 ஜனவரியில் 4 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அதே ஜனவரியில் நிறுவனத்தின் குஸ்தி நிகழ்ச்சியான ‘ரா’ நெட்ஃபிளிக்ஸுக்குக் குடிபெயர்ந்தது. ஒப்பந்தம் 10 ஆண்டு, 500 கோடி டாலருக்கு மேல். கதைகளை இப்போது பார்த்துக்கொள்பவர் அவருடைய மருமகன்.

கலையைக் கலைஞனிடமிருந்து பிரித்துப் பார் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஒரு பாட்டுக்கு அது பொருந்தலாம். இங்கே அவருடைய குணமே காட்சியாக ஓடியிருக்கிறது, நாம் காசு கொடுத்துப் பார்த்திருக்கிறோம். எதை எங்கிருந்து பிரிப்பது? கதை இப்போது மேம்பட்டிருக்கிறது என்றும் சொல்கிறார்கள். இருக்கலாம். மல்லர்கள் இன்னும் ஒப்பந்தக்காரர்கள்தான்.

இப்போதும் பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல். மேடையில் ஒருவருக்கு நிஜமாகவே அடிபட்டால், நடுவர் இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்திக் குறுக்கே வைத்து எக்ஸ் குறி காட்டுவார். நாடகம் நின்றுவிட்டது, மருத்துவரைக் கூப்பிடு என்று அதற்கு அர்த்தம். பார்வையாளர்கள் அந்தக் குறியைப் புரிந்துகொண்டதும், பொய்க் காயங்களுக்கும் அதையே காட்ட ஆரம்பித்தார்கள்.