தகட்டில் எழுதிய ஊர்

ஆர்க்கிட் செடிகளுக்குப் பெயர்த்தகடு செய்வதைப் பற்றி இலக்கியம் பேசக் கூடுகிற நாங்கள் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு கேட்டிருந்தால் எங்களிடமும் பதில் இருந்திருக்காது. இப்போது எங்கள் மாதாந்திரக் கூட்டங்களில் பாதி நேரம் கவிதைக்கும் மீதி நேரம் அலுமினியத்துக்கும் போய்விடுகிறது.

கொல்லிமலையில் செம்மேட்டுக்கு அப்பால் ஒரு காப்பித் தோட்டத்தின் ஓரத்தில் பச்சை நிழல்வலை கட்டிய கொட்டகை ஒன்று உண்டு. மலையிலேயே பணியாற்றி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் முப்பது ஆண்டுக்காலம் அதில் ஆர்க்கிட்களைச் சேர்த்து வைத்திருந்தார். காட்டுக்குள் நுழைந்து பறித்தவை அல்ல அவை. தோட்டங்களில் பழைய நிழல்மரங்களை வெட்டிச் சாய்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, விழுந்த கிளைகளில் ஒட்டியிருந்தவற்றைச் சாக்கில் அள்ளி வருவார். பலரும் இவற்றைப் புல்லுருவி என்று எண்ணி மரத்தோடு எரித்துவிடுவதுண்டு. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சுவது. ஆர்க்கிட் மரத்தின்மேல் அமர்ந்திருக்கிறதே தவிர அதனிடம் எதையும் கேட்பதில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லிச் சொல்லியே அவர் பாதிச் செடிகளைக் காப்பாற்றினார் எனலாம்.

அவர் மறைந்தபின் அவருடைய துணைவியார், "புத்தகத்தையெல்லாம் நூலகத்துக்குக் கொடுத்துட்டேன். இதுங்களுக்கு நீங்கதான் தண்ணி ஊத்தணும்" என்று கொட்டகையின் சாவியை எங்களிடம் தந்தார். எண்ணிப் பார்த்தோம். தொட்டியிலும் மரத்துண்டிலும் தேங்காய் மட்டையிலுமாக 112 செடிகள். வாசிக்கக்கூடிய பெயர்ச்சீட்டு இருந்தவை 47.

எஞ்சியவற்றின் சீட்டுகள் காணாமல் போகவில்லை, பெரும்பாலும் அங்கேயேதான் இருந்தன. வெள்ளை நெகிழிச் சீட்டில் அழியாத மை என்று விற்கப்படும் பேனாவால் எழுதியவை முற்றிலும் வெளுத்துக் கிடந்தன. அந்த மையை நீர் அழிப்பதில்லை, ஒளி அழிக்கிறது. சாயம் வெயிலில் சிதைந்துபோகிறது, அவ்வளவுதான். நெகிழியும் புற ஊதாக் கதிரில் நொறுங்கும் தன்மை பெற்று, விரல் பட்டால் அப்பளமாக உடைந்தது. ஐஸ் குச்சியில் எழுதியவற்றைப் பூஞ்சை தின்றிருந்தது. குரங்குகள் பிடுங்கி எறிந்தவை தரையில் கிடந்தன. அவை எந்தத் தொட்டிக்கு உரியவை என்பதைக் குரங்குகள்தான் அறியும்.

ஆனால் ஆசிரியர் தொடக்க காலத்தில் பென்சிலால் எழுதிய சீட்டுகள், அழுக்கைத் துடைத்ததும் நேற்று எழுதியவை போலத் தெரிந்தன. பென்சிலின் முனையில் இருப்பது கரிமம். அதை வெயில் ஒன்றும் செய்துவிட முடியாது. இதில் எங்களுக்கு வியப்பு ஏற்பட்டதுதான் வியப்பு. ஏடுகளைப் பற்றி இத்தனை காலம் பேசியவர்கள் நாங்கள். எழுத்தாணியால் ஓலையைக் கீறி, விளக்குக் கரியைத் தேய்த்துத் துடைத்தால் கீறலுக்குள் கரி தங்கும். ஓலை இருக்கும்வரை எழுத்து இருக்கும். நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் கிடைத்த பானை ஓடுகளில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆட்பெயர்கள் தமிழ் பிராமியில் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. அவை கீறப்பட்டவை. பூச்சிலோ மையிலோ எழுதப்பட்டிருந்தால் மண்ணுக்குள் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நிலைக்க வேண்டிய எழுத்தை ஒரு பரப்பின் மேல் பூசக்கூடாது, பரப்புக்குள் இறக்க வேண்டும். கடையில் 60 ரூபாய்க்கு வாங்கிய பேனா நம்மை இதை மறக்கச் செய்துவிடுகிறது.

ஆகவே கீறுவதென்று முடிவாயிற்று. முதலில் குளிர்பானக் கேன்களை வெட்டி, செய்தித்தாள் அடுக்கின்மேல் வைத்து, ரீஃபில் தீர்ந்த பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதிப் பார்த்தோம். எழுத்து பள்ளமாக விழுகிறது, மை தேவையில்லை. செலவும் இல்லை. ஆனால் தகடு மெல்லியது, காற்றில் ஆடி ஆடித் துளையருகே கிழிகிறது. ஓரமோ கையைக் கிழிக்கிறது. சற்றுத் தடித்த அலுமினியத் தகட்டில் பேனா பதியாது, உளியச்சுதான் வேண்டும். அதற்கு நாங்கள் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. நாமக்கல் லாரிகளுக்குக் கூடு கட்டும் ஊர். இரும்பில் எண்களைப் பொறிக்கும் 'நம்பர் பஞ்ச்' அங்கே பட்டறைதோறும் இருக்கும். ஒரு பட்டறைக்காரர் பழைய செட் ஒன்றை இலவசமாகவே தந்தார். 7 மட்டும் தேய்ந்திருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். செடிக்கா என்று இரண்டு முறை கேட்டுச் சிரித்தார்.

தகடு கிடைத்தது, அச்சு கிடைத்தது. அதன் பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. இரண்டு அங்குலத் தகட்டில் என்ன எழுதுவது?

பெயரை, வேறென்ன என்றார் எங்களில் ஒருவர். ஆசிரியரின் சீட்டுகளிலேயே அதற்கு மறுப்பு இருந்தது. ஒரே இனத்தைச் சேர்ந்த இரு செடிகளில் ஒன்றில் 'வாண்டா ராக்ஸ்பர்கி' என்றும் மற்றொன்றில் 'வாண்டா டெசல்லேட்டா' என்றும் எழுதியிருந்தார். இரண்டும் சரிதான். சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் பற்றிய தம் நூலில் ராக்ஸ்பர்க் 1795ல் இதை எபிடென்ட்ரம் என்னும் பேரினத்தில் சேர்த்தார். 1820ல் ராபர்ட் பிரவுன் வாண்டா என்னும் பேரினத்தில் வைத்து ராக்ஸ்பர்க்கின் பெயரையே சூட்டினார். பின்னர் ராக்ஸ்பர்க் இட்ட முதற்பெயரின் பின்பாதிக்கு முன்னுரிமை என்ற விதிப்படி டெசல்லேட்டா நிலைத்தது. மஞ்சள் பூப் பூக்கும் வாண்டா ஸ்பாத்துலேட்டா 1992ல் டாப்ரோபேனியா ஆகிவிட்டது. ஆய்வுகள் வளர வளர இன்னும் மாறும். அது அறிவியலின் குறையும் அன்று. ஆனால் உலோகத்தில் பொறிக்க ஏற்ற செய்தி அதுவன்று.

மாறாதது எது? இந்தச் செடி, இந்த ஊரில், இந்த மரத்தில், இந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்பது மாறாது. ஆசிரியரின் சீட்டு ஒன்றில் பெயரே இல்லை. 'அரியூர் நாடு, பலா, 1994' என்று மட்டும் இருந்தது. அதுவே எல்லாவற்றிலும் சிறந்த சீட்டு என்று இப்போது எங்களுக்குத் தோன்றுகிறது. அது பூத்தவுடன் சிம்பிடியம் அலோய்ஃபோலியம் என்று தெரிந்துவிட்டது. இனத்தைச் செடியே சொல்லிவிடும். பிறந்த இடத்தை அது ஒருநாளும் சொல்லாது.

பெரிய தோட்டங்கள் இதை நெடுங்காலமாக அறிந்திருக்கின்றன. லண்டன் கியூ தோட்டத்தில் ஒவ்வொரு செடிக்கும் ஆண்டில் தொடங்கும் சேர்ப்பு எண் உண்டு, பெயர் மாறினாலும் எண் மாறாது. எங்களுக்கு அருகில் ஏற்காட்டில் இந்தியத் தாவர மதிப்பாய்வகம் 1963ல் தொடங்கிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரகத்தில் கே.எம். மேத்யூ அடிகளாரும் உடனிருந்தோரும் கொல்லிமலை உள்ளிட்ட மலைகளில் திரட்டியவை உள்ளன. உலர்தாவரகத் தாளின் மூலையில் ஒட்டும் சீட்டில் யார், எங்கே, எப்போது எடுத்தார் என்பது தவறாமல் இருக்கும். அது இல்லையேல் அந்தத் தாளில் இருப்பது காய்ந்த இலை மட்டுமே.

ஊர் தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆர்க்கிட் உலகில் ஒரு பழங்கதை உண்டு. இன்று பாஃபியோபெடிலம் ஃபேரியேனம் எனப்படும் சிறு செருப்புப் பூ, 1857ல் இங்கிலாந்தில் பூத்தது. அசாம் பக்கமிருந்து வந்த செடிக்கட்டில் இருந்தது என்பதற்கு மேல் எவருக்கும் தெளிவில்லை. வளர்த்தவர்களிடம் அது மெல்ல மெல்ல மடிந்தபோது, எங்கே போய்த் தேடுவதென்று தெரியவில்லை. சாண்டர் என்னும் செடி வணிகர் கண்டுபிடிப்பவருக்கு ஆயிரம் பவுன் தருவதாக அறிவித்தார். 1905 வாக்கில் பூட்டான் பகுதியில் அது மீண்டும் கிடைத்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டுத் தேடல், ஒரு வரி எழுதி வைக்காததால். (கிடைத்த பிறகு வணிகர்கள் அங்கே செடிகளை அள்ளியது வேறு கதை. அதனால்தான் ஊரைத் தகட்டில் எழுதினாலும் மரம் நிற்கும் இடத்தை நாங்கள் வெளியே சொல்வதில்லை.)

படிக்க முடியாத 65 செடிகளுக்குத் திரும்புவோம். வெளுத்த சீட்டுகளைக் கல்வெட்டுப் படிப்பவர்கள் போலச் சாய்ந்த ஒளியில் பார்த்தோம். இருட்டில் பக்கவாட்டில் டார்ச் அடித்தால், மை போயிருந்தாலும் ஆசிரியர் அழுத்தி எழுதிய தடம் நெகிழியில் நிழலாகத் தெரிந்தது. அப்படி 23 மீண்டன. அதற்குமேல் ஒளி உதவவில்லை, ஓர் ஆள் உதவினார். ஆசிரியரோடு சாக்குச் சுமந்து திரிந்த மலையாளிப் பெரியவர் ஒருவர் சேலூர் நாட்டில் இருக்கிறார். அழைத்து வந்தோம். ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துக்கொண்டே போனவர் ஒன்றன் முன் நின்றார்.

"இது வாத்தியாரும் நானும் எங்க நாட்டுல நாவ மரத்துல இருந்து எடுத்தது. பெரிய மரம். எங்க பெரிய பொண்ணு கல்யாணத்துக்கு முந்தின ஆடி. இப்ப அந்த இடத்துல சில்வர் ஓக் நிக்குது."

மகளின் திருமணப் பத்திரிகையைத் தேடி எடுத்து ஆண்டைக் கணக்கிட்டோம். இவ்வாறு 19 செடிகளுக்கு ஊர் கிடைத்தது. இவற்றை ஆசிரியர் எழுதியவற்றோடு கலந்துவிடக்கூடாது என்பதால், தகட்டின் ஓரத்தில் 'சொ' என்று ஓர் எழுத்தைக் கூடுதலாகக் கீறியிருக்கிறோம். சொல்லக் கேட்டது என்று பொருள். முப்பது ஆண்டு நினைவு பிசகவும் கூடும். பின்னால் வருபவர் அதை அறிந்து எடுத்துக்கொள்ளட்டும்.

மீதம் 23. இவற்றைப் பற்றித்தான் எங்களுக்குள் பூசல். கொட்டகை இருப்பது கொல்லிமலையில், ஆசிரியர் திரிந்ததும் பெரும்பாலும் இங்கே, ஆகவே 'கொல்லிமலை' என்று பொறித்துவிடலாமே என்றார் ஒரு நண்பர். பெரும்பாலும் என்பதுதான் இடித்தது. அவர் நாற்றுப்பண்ணைகளில் வாங்கியதுண்டு, ஏற்காட்டு நண்பர்கள் கொடுத்ததுண்டு. இந்தச் செடிகளை வளர்ப்பதோடு எங்கள் வேலை முடிவதில்லை. நிழல்மரங்களை நட்டுக் காக்கும் தோட்டத்தார் சிலர், பழைய செடிகளின் கன்றுகளை அவற்றின் மீதே திருப்பிக் கட்ட இடம் தருகிறார்கள். வாழவந்தி நாட்டில் எடுத்ததன் கன்று வாழவந்தி நாட்டு மரத்துக்குப் போகலாம். எங்கிருந்தோ வந்த செடியை இந்த மலைக்கு உரியதென்று ஏற்றிவிட்டால், நாளை இங்கே ஆய்வு செய்ய வருபவர் அதை மலையின் சான்றாகக் குறித்துக்கொண்டு போவார். ஊரில்லாத செடி கொட்டகையில் அழகாக இருக்கலாம், மலைக்குத் திரும்ப முடியாது. பொய்யூர் எழுதிய செடியோ மலையைப் பற்றிய நூலையே கெடுத்துவிடும்.

குறுந்தொகையைத் தொகுத்தவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். பாடியவர் பெயர் தெரியாத இடத்தில் அவர்கள் கற்பனைப் பெயர் எதையும் இட்டு நிரப்பவில்லை. பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் குறித்தார்கள். தெரிந்தது இவ்வளவே என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. செம்புலப்பெயனீராரின் ஊர் எது என்று அதனால் நாம் அறிய முடியாது. அறிந்ததாக நடிக்கவும் வேண்டியதில்லை. எங்கள் 23 தகடுகளிலும் எண் மட்டுமே இருக்கிறது. ஊருக்குரிய இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. நண்பர் இன்னும் முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை.

செய்முறையில் சில குறிப்புகள், செய்து பார்க்க விரும்புவோருக்கு. செம்புக் கம்பியும் நாகம் பூசிய கம்பியும் வேர்களுக்கு ஆகா, நீரோடு உலோகம் கசிந்து இறங்கும். மெல்லிய எவர்சில்வர் கம்பியே ஏற்றது. தகட்டைத் தொட்டியில் குத்திவைக்காமல் கட்டிவைக்க வேண்டும், குரங்கு சோர்ந்துவிடும். ஒரே எண்ணில் இரு தகடுகள்: ஒன்று வெளியே, மற்றொன்று கரித்துண்டுகளுக்கு அடியில். தொட்டி மாற்றும்போதுதான் செடியும் சீட்டும் பிரிகின்றன. செடியைப் பிரித்து வைத்தால் பிள்ளைத் தொட்டிக்கும் தாயின் எண்ணே, பின்னால் ஒரு எழுத்துச் சேர்த்து. பதிவேடு மூன்று படிகள், மூன்று வீடுகளில். அது தொலைந்தாலும் பயன்பட வேண்டும் என்பதால் எண்ணோடு நாட்டின் பெயரும் ஆண்டும் தகட்டிலேயே இருக்கின்றன. எங்களில் இளையவர் கியூஆர் குறியீடு ஒட்டலாம் என்றார். 2009ல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது தம் முதல் கவிதைகளைப் பறிகொடுத்த மூத்தவர் ஒருவர் அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு நின்றது.

ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் எட்டுத் தகடு அடிக்கலாம். தேய்ந்த 7 எல்லாவற்றிலும் சற்றுச் சாய்ந்து 1 போல விழுவதால், குறுக்கே ஒரு கோடு கீறிவிடுகிறோம். பதிவேட்டின் முதல் பக்கத்தில் அதையும் எழுதி வைத்திருக்கிறோம். பெரியவர் மழை விட்டதும் இன்னொரு முறை வருவதாகச் சொல்லியிருக்கிறார். பூத்திருக்கும்போது பார்த்தால் இரண்டொன்று நினைவு வரலாமாம்.