டீசல் அம்பாசிடர்காரனின் பதில்

"இன்னுமா இதை வச்சிருக்கீங்க?" என்று கேட்பவர்களுக்கு மொத்தமாக ஒரு பதில்.

எங்கள் டீசல் அம்பாசிடரில் இருப்பது 1,489 சிசி பிஎம்சி இன்ஜின். மேடு ஏறினால் பின்னால் வரும் லாரிக்காரர் ஹாரன் அடிப்பார், அவ்வளவுதான் வேகம். ஆனால் சென்சார் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. டீசலும் காற்றும் ஒழுங்காகப் போனால் ஓடும். காலையில் ஹீட்டர் பிளக் சூடாகும்வரை பொறுக்கணும். அவசரப்பட்டு செல்ஃப் அடித்தால் பேட்டரிதான் இறங்கும். டேங்கைக் காலியாக விடவே கூடாது. லைனில் காற்று ஏறிவிட்டால் ஃபில்டர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கையால் பம்ப் அடித்து, நுரையில்லாமல் டீசல் வரும்வரை நிற்க வேண்டியதுதான். (வெள்ளை வேட்டியோடு வேண்டாம்.)

கரும்புகை வந்தால் சிலர் உடனே இன்ஜினைப் பிரிக்கச் சொல்வார்கள். ஏர் ஃபில்டரையும் நாசிலையும் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். புகைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை; தினமும் ஆபீஸ் போக இது வண்டியே இல்லை.

15 வருடம் தாண்டியதால் 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்கணும், பசுமை வரி தனி. உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014-லேயே அம்பாசிடர் உற்பத்தி நின்றுவிட்டது. பாகங்கள்கூடத் தேடினால் கிடைக்கின்றன. பழைய பம்ப் வேலை தெரிந்த மெக்கானிக்தான் கிடைப்பதில்லை. கோவைப் பக்கம் யாராவது இருந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள்.