ஜீப்புக்கு இழுவைப்பொறி தேவையா?

மலைப்பாதைச் சேற்றில் புதைந்த ஜீப், முன்புறமுள்ள ‘வின்ச்’ எனும் இழுவைப்பொறியின் வடத்தை மரத்தில் பிணைத்துத் தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும். வண்டியின் எடையைப்போல் ஒன்றரை மடங்கு இழுக்கவல்ல பொறி வேண்டும். 2,000 கிலோவுக்கு 3,000 கிலோ. பிணைக்க உறுதியான மரமோ பாறையோ இல்லையேல் அது வெறும் சுமையே. துணைக்கு மற்றொரு வண்டி வருமாயின் கயிறும் மண்வெட்டியும் போதும் என்பதே என் கருத்து.

என் மகனோ மழைக்கால இரவுகளில், எஸ்டேட்டில் நோயுற்றோரை ஏற்றிக்கொண்டு தன்னந்தனியே மலையிறங்குபவன். எங்கள் பாதையோரத்தில் மரங்களுக்கும் குறைவில்லை. ஆதலால், விலை மலைக்க வைத்தபோதிலும், வாங்கச் சம்மதித்தேன். ஒரு நிபந்தனை மட்டும் விதித்தேன்: இழுக்கும்போது இரும்பு வடத்தின்மீது கனத்த போர்வையொன்றைப் போடவேண்டும். அறுந்த வடம் சாட்டையாய்ச் சுழன்று ஆளை வீழ்த்திவிடும். உடன் வருவோர் எட்டவே நிற்கட்டும்.